பாலத்தடியில் இரண்டு வெயில்

டபுளக்கா என்றால்தான் ஊரில் அவளைத் தெரியும். ஜோடிகளை வெளியிடத்தில் நிறுத்திப் படம் பிடிப்பவள். ஒன்று எடுத்ததும் பிலிமை நகர்த்தாமல் அதன் மேலேயே இன்னொன்றும் எடுப்பாள். முதல் படத்தில் எங்கே இருட்டோ, அங்கே இரண்டாவது படம் வந்து உட்கார்ந்துகொள்ளும். காதலர் நெஞ்சுக்குள் ஆறு ஓடும், தோளில் இலை துளிர்க்கும். கெட்டிக்காரி. அது அவளுக்கும் நன்றாகத் தெரியும்.

அவளிடம் ஒரு நர்ஸ் வந்தாள். இவளுக்கு இரவு வேலை, பஸ் ஓட்டும் புருஷனுக்குப் பகல் வேலை. லீவும் ஒத்துவராது.

"கல்யாணப் படத்துல அவர் கண்ண மூடிட்டார்க்கா. அத விட்டா நாங்க சேர்ந்து நிக்கிற படமே இல்ல."

"காலையில நீ வா, சாயங்காலம் அவர் வரட்டும். ஒரே பிலிம்ல சேர்த்துடறேன்."

பிரிண்ட் போடும் கடைக்காரர் சிரித்தார். "தனித்தனியா எடும்மா, கம்ப்யூட்டர்ல ஒட்டித் தர்றேன்."

"ஒட்டுறதுக்குப் பசை போதும், நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டாள். இனி படம் சொதப்பினால் அந்த ஆள் முகத்தில் எப்படி விழிப்பது?

மறுநாள் காலை, ரயில் பாலத்தடியில் நர்ஸை நிறுத்தினாள். வெயில் அவள் மேல் மட்டும் விழுந்தது. மறுபாதி கும்மிருட்டு, டிரைவருக்கான இடம்.

"உன் வீட்டுக்காரர் கண்ணு எங்க இருக்கும்? அங்க பாரு."

நர்ஸ் யோசிக்கவே இல்லை. நன்றாக அண்ணாந்து பார்த்தாள். அக்கா பட்டனை அமுக்கினாள்.

அன்று முழுக்கக் கேமராவைக் கழுத்திலிருந்து இறக்கவில்லை. "அதுக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா?" என்றான் சோறு போட்டுக்கொண்டிருந்த அக்காவின் கணவன்.

சாயங்காலம் டிரைவர் வந்தார். மனுஷன் பெண்டாட்டியைவிட இரண்டு விரல் குட்டை. படத்தில் அவள் ஆகாயத்தைப் பார்ப்பாள், இவர் கீழே நிற்பார்.

"உங்க வீட்டம்மா உங்கள எங்கங்க பார்ப்பாங்க?"

"நான் வீட்டுக்கு வர்றப்ப அவ கிளம்பிடுவாம்மா. காலையில ஆஸ்பத்திரி ஸ்டாப்ல பஸ்ஸ நிறுத்துவேன். ரோட்டுல நின்னு ஜன்னல நிமிர்ந்து பார்ப்பா. ரெண்டு வார்த்தை பேசுவோம், அவ்வளவுதான்."

அக்கா பாலத்தடியில் கிடந்த செங்கற்களை அடுக்கி அவரை மேலே ஏற்றினாள். இப்போது வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் மேல் விழுந்தது, நர்ஸ் நின்ற பாதி இருண்டுவிட்டது.

"இப்ப ஜன்னல்லேர்ந்து பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். கை தானாக ஸ்டியரிங் பிடித்தது.

கடைக்காரர் பிரிண்டை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். இடுப்புக்கு மேல் இருவரும். அவள் முகத்தில் காலை வெயில், அவர் முகத்தில் மாலை வெயில். கண்ணுக்குக் கண் நேர்.

"என்னால இத ஒட்டியிருக்க முடியாதும்மா. கடை வாசல்ல ஒண்ணு மாட்டிக்கட்டுமா?"

அக்காவுக்குக் கால் தரையில் படவில்லை. செங்கல் அடுக்கிய சாமர்த்தியத்தையும் சொல்லிப் பீற்றிக்கொள்ளலாம் என்றுதான் நர்ஸிடம் படத்தைக் கொடுத்தாள்.

நர்ஸ் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "கரெக்டா எடுத்திருக்கீங்கக்கா. எங்க வீட்டுக்காரர் இவ்வளவு உயரம்தான்."

செங்கல்லைப் பற்றி அக்கா இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.