செதிள் உரித்த விரால்

எங்கள் வீட்டில் எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று தீர்ப்புச் சொல்பவள் நான். யாரும் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. நானே ஏறி உட்கார்ந்தேன்.

காஞ்சிபுரத்தில் தறி நெய்கிற குடும்பம் எங்களுடையது. அப்பா காலத்தில் சனிக்கிழமை கூடும் ஒரு சின்னச் சபையில் சேர்ந்தோம். மோசேயின் சட்டம் எங்களுக்கு இன்னும் செல்லும். குளம்பு பிளந்து அசைபோடுவது ஆகும், பன்றி ஆகாது. தண்ணீரில் துடுப்புச் சிறகும் செதிளும் உள்ளது ஆகும். இறால், நண்டு, கெளுத்தி ஆகாது. ரத்தம் வாசல்படி ஏறக்கூடாது. தெருவிலுள்ள மற்றக் கிறிஸ்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வானத்திலிருந்து இறங்கிய துப்பட்டியில் எல்லா மிருகங்களையும் காட்டி, அடித்துப் புசி என்று பேதுருவுக்குச் சொல்லவில்லையா, அதோடு அந்தச் சட்டம் முடிந்துவிட்டதே என்பார்கள். அந்தத் தரிசனம் சாப்பாட்டைப் பற்றியதல்ல, எந்த மனிதரையும் தீட்டு என்று சொல்லாதே என்பதுதான் அதன் அர்த்தம் என்று எங்கள் பாஸ்டர் விளக்குவார். நான் உரக்க ஆமென் சொல்வேன். சபைப் பெண்கள் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள். அந்தப் பெருமை எனக்குச் சோற்றைவிட ருசியாக இருந்தது.

தம்பி மனைவி தாமலில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தாள். எனக்கு அது போதவில்லை. அவள் சமைத்த சட்டியை நான் முகர்ந்து பார்ப்பேன், அவள் எதிரிலேயே.

அவளுக்கு ஆபரேஷன் செய்துதான் பையன் பிறந்தான். பத்தாம் நாள் அவள் அம்மா காலை பஸ்ஸில் ஒரு தூக்குச் சட்டியோடு வந்தார். தாமல் ஏரி விரால், பூண்டு தட்டிப் போட்டு அவித்தேன், தையல் சீக்கிரம் ஆறும் என்றார். பேரனை அரை மணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, மாடு கறக்க வேண்டும் என்று மதிய பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

நான் பின்கட்டிலிருந்து வந்தபோது தம்பி மனைவி இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். தூக்கைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்ற துண்டுகள், ஒரு செதிள் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கட்லாவும் சங்கராவும்தான் வரும். விரால் என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்க்கெட் தொட்டியில் பாம்புத் தலையோடு நெளிகிற கருப்பு ஜந்து. அதனால் அது கெளுத்தி ஜாதிதான் என்று முடிவு கட்டினேன்.

"செதிள் இருக்குதுக்கா. வாயில செதிள் மாட்டக்கூடாதுன்னு அம்மாதான் தோலோட உரிச்சு ஆக்கிக்கினு வந்துச்சு" என்றாள்.

எனக்கு வேதம் சொல்லித்தராதே என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க, தூக்கைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அதோடு விட்டேனா? பாஸ்டருக்கும் போன் போட்டேன். வருகிற சனிக்கிழமை அவள் சபை முன்னால் மன்னிப்புக் கேட்கட்டும் என்றார்.

அந்த வியாழக்கிழமை மீன் மார்க்கெட்டில் ஒரு அம்மாள் விராலில் சாம்பலைப் பூசிச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். செதிள் பொலபொலவென்று தெறித்தது. இரண்டு வந்து என் முழங்கையில் ஒட்டின. மோசே கேட்ட செதிள், சந்தேகமே இல்லை. அதற்குமேல் தோலையும் உரித்துத் துண்டு போட்டாள். சாக்கடையில் நான் கொட்டியது சட்டப்படி சுத்தமான சாப்பாடு என்று அங்கேயே புரிந்துவிட்டது. கையைச் சுரண்டித் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு போன் போதும். போடவில்லை. விரால்கூடத் தெரியாதவளிடம் இனி யார் வந்து கேட்பார்கள்? காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்காதா என்று நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை அவள் ஆறாத தையலோடு சபை முன்னால் நின்று, அசுத்தமானதைப் புசித்தேன், மன்னியுங்கள் என்றாள். பிறந்த வீட்டுப் பாத்திரம் இனி புகுந்த வீட்டுக்குள் வராது என்றும் சொல்ல வைத்தார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். நான் முன்வரிசையில் பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது தாமல் பக்கம் வழக்கமில்லை. தம்பியின் மாமியார் ஒரே ஒரு முறை அப்படி வந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டே நின்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகு வரவில்லை, போன் பேசுவதோடு சரி. அடுத்த ஐப்பசியில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டார்.

காரியம் முடிந்து தம்பி மனைவி திரும்பி வந்த மறுநாள், அடுப்படியில் வைத்து அவளிடம் சொன்னேன். விராலுக்குச் செதிள் உண்டு, நான் செய்தது தப்பு என்றேன். இறக்கி வைத்தால் எனக்கு லேசாகும் என்ற எண்ணம், அவளுக்காக இல்லை.

"தெரியாமப் பண்ணிட்டீங்கன்னுதான் நெனச்சுக்கினு இருந்தேன். எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வாரமே, வியாழக்கிழமை என்றேன்.

"என்னை சபையில நிக்க வெக்கறதுக்கு முன்னாடியா?"

ஆமாம் என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள். குரல் உயரவே இல்லை.

"போன் பண்றப்போல்லாம் அம்மா கேக்கும், ஏதாவது செஞ்சு எடுத்துக்கினு வரட்டுமான்னு. வேணாம்மா, கர்த்தருக்குப் பிடிக்காதுன்னு சொல்லிக்கினே இருந்தேன். உங்களுக்குப் பிடிக்காதுன்னு சொல்லியிருக்கணும்."