ஜன்னல் வழியாக ஒரு கயிறு

போன திங்கட்கிழமை காலை எட்டு மணி. மாடி ரூமில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, இந்தப் பத்தியைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். விஷயம் வேறு. அது இப்போது குப்பையில்.

கதவு தட்டும் சத்தம். பெயின்டர் ஏழுமலை!

எங்கள் வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கடல் காற்று எந்தச் சுவரைத்தான் விட்டுவைத்தது? முன்பக்கம் முழுக்கச் சவுக்குக் கட்டையில் சாரம் கட்டியிருந்தார் ஏழுமலை. சாரத்தின் மேல்பக்கம் சுவரை விட்டு விலகாமலிருக்க ஒரு கயிறு. அது என் ரூம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கம்பியில் கட்டப்பட்டிருக்கும்.

மனுஷருக்கு ஒரு பழக்கம். தினமும் காலையில் கீழே ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்ப்பார். அப்புறம் மாடிக்கு வந்து என் கதவைத் தட்டி, ஜன்னல் கயிற்றையும் இழுத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஏறுவார். எனக்கோ எழுதுகிற நேரம்... எரிச்சலாக வரும்.

"நேத்து நீங்களே கட்டினதுதானே?" என்று ஒருநாள் கிண்டலாகவே கேட்டுவிட்டேன்.

"நான்தான் சார் கட்னேன். ஆனா ராத்திரி நான் இங்க இல்லியே" என்றார்.

அவருக்குச் சொந்த ஊர் கனகசெட்டிக்குளம், மீனவக் கிராமம். அண்ணன் கடலுக்குப் போகிறார், தம்பியான இவர் சாரத்தில் ஏறுகிறார். ரெண்டு பேர் உயிரும் கயிற்றில்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நானும் சிரித்து வைப்பேன்.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம். எழுந்திருக்கச் சோம்பல். உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்: "கயிறெல்லாம் சரியா இருக்கு. நான் பாத்துட்டேன், நீங்க ஏறுங்க."

பார்த்தேனா? இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார், பாத்துட்டுப் போயிடறேன்" என்று உள்ளே வந்தார். ஜன்னலருகே போனார். அப்படியே நின்றார்.

கம்பியில் கயிறு இல்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலையாட்களுக்கு லீவு. வெயில் கொளுத்தியது. ஏசி போடலாமென்றால், கயிறு குறுக்கே நின்றதால் ஜன்னலைச் சாத்த முடியவில்லை. இத்தனை கட்டை, இத்தனை முடிச்சு இருக்கும்போது இந்த ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும்? அவிழ்த்து நுனியை வெளியே தள்ளினேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு சுகமாகத் தூங்கினேன். சாயங்காலம் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்... சத்தியமாக! காலையில் ஜன்னலைத் திறந்தபோதும் தோன்றவில்லை.

"நான்தான் அவிழ்த்தேன்" என்றேன்.

ஏழுமலை திட்டவில்லை. கம்பிக்குள் கையை விட்டு, சாரத்தின் கட்டையை லேசாகத் தள்ளினார். ஒரு கையால்தான் தள்ளினார். அவ்வளவு பெரிய சாரம் சுவரை விட்டு விலகி, ஆடி, மெதுவாகத் திரும்பி வந்தது. அதன் உச்சியில் பெயின்ட் வாளியோடு அவர் நின்றிருந்தால்? அவர் வீட்டுக்கு யார் போய் என்னவென்று சொல்வது?

"அவுக்கறது தப்பில்ல சார். அவுத்தா சொல்லிடுங்க" என்றார். கயிற்றை உள்ளே இழுத்து இறுக்கிக் கட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். மூன்றாவது முறை நான் இழுத்துப் பார்த்தேன்.

யோசித்துப் பாருங்கள். வெளியே கிளம்பும்போது வீட்டுப் பூட்டை எத்தனை முறை இழுத்துப் பார்க்கிறோம்? தெருமுனை வரை போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி ஓடி வருகிறோம். அதற்குப் பெயர் பொறுப்பு. அதையே ஒரு பெயின்டர் தன் உயிருக்காகச் செய்தால், 'டைம் வேஸ்ட்' என்கிறோம். என்ன நியாயம் இது?

வேலை சனிக்கிழமை முடிந்தது. சாரத்தைப் பிரித்துவிட்டார்கள். அதுவரை காலை எட்டு மணிக்கு என் ரூம் கதவு திறந்தே இருந்தது. ஏசி ஓய்வில்.

என் பேச்சை நம்பாதவர்கள் மேல் எனக்குச் சட்டென்று கோபம் வரும். ஒருவர் என்னை நம்பாததால் நான் நிம்மதியாகத் தூங்குவது இதுதான் முதல் தடவை!