பவித்ராவுக்குக் கல்லூரி பார்த்தபோது

ஓமானில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாள். வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. சொஹார் பக்கம் ஒரு கான்கிரீட் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். ஆனாலும் ஞாயிறு காலையில் கம்பெனி வண்டியில் ஏறும்போது ஏதோ தப்புச் செய்வதுபோலத்தான் இன்னும் இருக்கிறது. வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது புரியும். ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் குடும்ப விஷயங்களை ஞாயிற்றுக்கிழமைதான் உட்கார்ந்து பேசுகிறீர்கள். ஆரணியில் என் மைத்துனர் குமரேசனுக்குப் பட்டுப்புடவை வியாபாரம். அவருக்கு அன்றுதான் ஓய்வு. வீட்டில் மாடி எடுத்தது, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் செய்தது, எல்லாமே நான் சிமெண்டுத் தூசிக்குள் நின்று போனில் தலையாட்டிய முடிவுகள். அவை எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. பவித்ராவின் கல்லூரி விஷயத்தில்தான் முதன்முதலாகத் தலையாட்ட முடியாமல் நின்றேன்.

பவித்ரா என் ஒரே மகள். அவள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது விடுமுறையில் போயிருந்தேன். ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்கு அவளை பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். பாதி வழியில் பின்னாலிருந்து கேட்டாள், "ப்பா, நான் சைக்காலஜி படிக்கட்டா?" எதிர்க்காற்றில் சரியாகக் கேட்கவில்லை. வண்டியை மெதுவாக்கி, திரும்பக் கேட்டேன். "படிம்மா, யாரு வேணான்னது?" என்றேன். "மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்றாரு. காலேஜ் கூட பாத்து வெச்சிக்கிறாரு." "அத நான் பேசிக்கிறேன். அப்பா இருக்கேன் இல்ல." அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கல்யாண மண்டபம் வரைக்கும் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள்.

மார்க் வந்தது. சென்னையில் ஒரு மகளிர் கல்லூரியில் அவள் கேட்ட படிப்பே கிடைத்தது, ஹாஸ்டலும் உண்டு. ஒரு வாரத்துக்குள் சேர வேண்டும். குமரேசன் பார்த்து வைத்திருந்தது கண்ணமங்கலம் தாண்டி வேலூர் ரோட்டில் இருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி. அதன் பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். நான் லீவு கேட்க எங்கள் முதீர் சாலிமிடம் போனேன். முதீர் என்றால் மேலாளர். என் அரபி கடைத்தெரு அரபி. பின்த் என்றால் மகள், குல்லியா என்றால் கல்லூரி. இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்தினார். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். ஆள் அனுப்பி ஹல்வா வரவழைத்துவிட்டார். ஹல்வாவை வாயில் வைத்துக்கொண்டே, இன்னும் சேரவில்லை, எந்தக் கல்லூரி என்று முடிவு செய்ய நான் போயாக வேண்டும் என்று இந்தியில் விளக்கினேன். "அவளுக்கு மாமா இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "அப்புறம் என்ன? கலாஸ், முடிந்தது விஷயம்," என்றார். அவர்கள் ஊரிலும் தாய்மாமனுக்கு அப்படி ஒரு மரியாதை. பெரிய பாலத்துக்குக் கான்கிரீட் போய்க்கொண்டிருந்த நேரம், லீவு கிடைக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

அந்த ஞாயிறு ஆரணி வீட்டில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்கு மின்விசிறியும் ஆளுக்குப் பாதி முகமும் தெரிந்தன. இங்கே வாட்ஸப்பில் பேச முடியாது; வேறு ஒரு ஆப்பில் விட்டு விட்டுத்தான் கேட்கும். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் சொன்னேன். புள்ளைக்குப் பிடித்த படிப்பு, நல்ல கல்லூரி, சென்னை ஒன்றும் தூரமில்லை. குமரேசன் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான் மாமா. நான் இல்லன்னு சொல்லல. அங்க சேத்துட்டு, பொண்ணுக்கு ஜொரம்னு போன் வந்தா யாரு ஓடறது? நான்தான். கடைய சாத்திகினு ஓடுவேன், அது ஒண்ணும் பேஜாரு இல்ல. ஆனா டெய்லி பயந்துகினு கெடக்கப் போறது அக்காதான?"

அவர் சொல்லிக்காட்டவில்லை. பவித்ரா சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது வேலூர் ஆஸ்பத்திரியில் வார்டிலேயே தங்கிப் பார்த்துக்கொண்டவர் அவர். என் மனைவி தேவகி போன் பக்கம் குனிந்தாள். "நீங்க வந்து கூட இருங்க, மெட்ராஸ் இன்னா, டெல்லிக்கே அனுப்பறேன்," என்றாள். "நீங்க சேத்து வுட்டுட்டு ஃபிளைட் ஏறிடுவீங்க." அதற்குள் திரையில் எல்லோரும் அசையாமல் நின்றுவிட்டார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். லாரிகள் வரிசையில் நின்றன. கூடத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போக வேண்டியதாயிற்று.

சாயங்காலம் அறைக்கு வந்து பேசியபோது போனை பவித்ராதான் எடுத்தாள்.

"ஏன்ப்பா கட் பண்ணிட்ட?"

"கட் பண்ணலம்மா. லைன் போயிடுச்சு."

"சரிப்பா. கம்ப்யூட்டர் சயின்ஸே படிக்கிறேன். பஸ்சு வருது, அம்மாவும் தனியா இருக்க வேணாம்." அழவில்லை, கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானமாவது சொல்லியிருப்பேன். "சாப்ட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தாள்.

தை மாதத்தில்தான் எனக்கு விடுமுறை கிடைத்தது. அப்போது அவள் கல்லூரியில் பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். குமரேசன் கடையில் வேலை இருக்கிறது என்று ஒதுங்கப் பார்த்தார். நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். வழி அவருக்குத்தானே தெரியும். வகுப்பு ஆசிரியை சின்னப் பெண். பார்த்ததும் "வாங்க சார்" என்று குமரேசனைத்தான் கூப்பிட்டார். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். தேவகியும் அவரும் பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்த வேகத்தில் குமரேசன் பதறி எழுந்தார். "இவருதாங்க அப்பா. வெளிநாட்ல கிறாரு." அதற்குள் யாரோ இன்னொரு நாற்காலி கொண்டு வந்தார்கள். அறையில் இடமில்லை. அதை வாசற்படியை ஒட்டிப் போட்டு, முதுகு வராந்தாவில் இருக்க உட்கார்ந்தேன்.

"மார்க்கெல்லாம் நல்லாதாங்க எடுக்கறாங்க," என்றார் ஆசிரியை. "ஆனா கிளாஸ்ல வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. வீட்ல எப்டிங்க, நல்லா பேசுவாங்களா?"

குமரேசனுக்குப் பதில் தெரியும். தேவகிக்கும் தெரியும். ஆனால் நான் வந்திருக்கிறேன் என்பதற்காக, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக என் பக்கம் திரும்பினார்கள். பவித்ரா சுவரோரமாக நின்று தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன்ல நல்லா பேசுவாங்க," என்றேன்.