அக்கினிமதிக்கு ஒரு புதுப்புடவை

கலைவாணியைச் சின்னராஜ் பொண்டாட்டி என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்ததே அவள் போனில் கதை படித்துக்காட்டத் தொடங்கிய பிறகுதான். பத்தாவது வரை படித்தவள். புளிக்குக் கொட்டை எடுக்கும் களத்தில் அவள் படிப்பாள், அவள் பங்குப் புளியை மற்றப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். ராஜமரியாதைதான், வேறென்ன!

கதையின் நாயகி அக்கினிமதி. இறக்கை முளைத்த புலிமேல் ஏறி அரக்கர்களோடு சண்டை போடுகிறவள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பகுதி வரும். கலைவாணி டவர் கிடைக்கும் மலைப்பாதை வளைவுக்குப் போய் அதைப் போனில் இறக்கிக்கொண்டு வருவாள். அக்கினிமதியைக் காதலன் காட்டிக்கொடுத்த வாரம் களத்துப் பெண்களில் மூத்தவளான மாணிக்கம்மாள் வைத வசவில், மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரர் தன்னைத்தான் வைகிறாள் என்று முகம் வாடிப்போனார்.

அக்கினிமதியைப் பாதாளச் சிறையில் அடைத்ததும் களத்தில் ஒருத்திக்கும் கை ஓடவில்லை. மாணிக்கம்மாள் மாரியம்மன் கோயில் பக்கமாகத் திரும்பிக் கும்பிட்டாள். "தாயே, அந்தப் பொண்ணு உசுரோட வெளிய வந்துட்டா, எல்லாரும் சேந்து உனுக்குப் பொங்க வெக்கிறோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை கலைவாணி வளைவில் நின்றபடியே படித்தாள். கைதிப் பெண்கள் தப்பிக்கச் சிறைக்கதவைத் தோளில் தாங்கியபடியே அக்கினிமதி செத்துப்போனாள். கதைக்குக் கீழே வாசகர்கள் எழுத்தாளரைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கலைவாணியும் அழுதாள். ஆனால் அழுகையைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. நாயகியே போய்விட்டால் கதையை யார் கேட்பார்கள்? மறுபடி சின்னராஜ் பொண்டாட்டிதானா?

களத்துக்கு வந்து, "தப்பிச்சுட்டாக்கா!" என்றாள்.

செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் பானை ஏறியது. பால் பொங்கி வர, எல்லோரும் கைகூப்பினார்கள். கலைவாணி அம்மன் முகத்தைப் பார்த்தாள். மனிதர்களிடம் சொன்ன பொய் வேறு, இது வேறு.

"கும்புடாதீங்க. அவ செத்துட்டா. நான்தான் பொய் சொன்னேன்."

"இன்னாடி சொல்ற?" மாணிக்கம்மாள் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஏண்டி மறைச்ச?"

"கத இல்லன்னா என்னிய யாருக்கா கூப்புடுவீங்க?"

மாணிக்கம்மாள் பானையை இறக்கி வைத்துவிட்டு, "கண்ணாலம் ஆவாமயே போய்ட்டாளா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

மாணிக்கம்மாள் ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள். அங்கே கன்னியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று புதுப்புடவை வைத்துக் கும்பிடுவார்கள். வீட்டுக்குப் போய், தீபாவளிக்கு எடுத்துக் கட்டாமல் வைத்திருந்த புடவையைக் கொண்டுவந்தாள். கோயில் மரத்தடியில் வாழையிலை போட்டு அதை வைத்தாள், மேலே பூ வைத்தாள்.

"அது செத்தவளோட வூட்டுக்காரங்க செய்றதாச்சே," என்றாள் களத்தில் கூட வேலை செய்யும் ராஜேஸ்வரி. "இவ யாரு வூட்டுப் பொண்ணு?"

"நம்ம வூட்டுப் பொண்ணுதான்." மாணிக்கம்மாள் புடவைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். "இப்டி வந்து குந்து கலைவாணி. எப்டி செத்தான்னு ஒண்ணு வுடாம படி. அழுவணும்."