வயிற்று மருந்து கேட்டு வந்தவர்கள்

மற்ற நோய்க்காரர்கள் மருந்துக் கடைக்குச் சீட்டோடு வருவார்கள். வயிற்றுக்காரர்கள் மட்டும் நோயையும் மருந்தையும் தாங்களே முடிவு செய்துகொண்டு வருவார்கள். எண்பதுகளில் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு கடையில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருநாளாவது கடை தேடி ஓடியிருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

வெறும் கேஸ்

நிலக்கடலை வியாபாரி மாதப்பன் நெஞ்செரிச்சலுக்கு ரோஸ் நிறத் திரவ மருந்தை வாடிக்கையாக வாங்குகிறவர். ஒரு பகலில் வந்து அதையே கேட்டார். "காலையில தின்ன போண்டா நெஞ்சுலயே நிக்குதுங்க." பாட்டிலை நீட்டினேன். வாங்குவதற்கு இடது கையை அவரால் தூக்க முடியவில்லை. வெளியே தூறல், குளிர்ந்த காற்று. அவர் முகத்திலோ வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

எனக்குச் சந்தேகம்தான், நிச்சயமில்லை. வெறும் கேஸாக, வாயுக் கோளாறாக இருந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டே என்னைப் பார்த்துச் சிரிக்கும். இருந்தாலும் பாட்டிலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க" என்றேன். "ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும், குடுங்க" என்று கோபப்பட்டவர், அப்படியே படியில் சரிந்து உட்கார்ந்தார்.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, எதிரில் நின்ற வேனில் அவரை ஏற்றினோம். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மாரடைப்பு என்று சொல்லி, ஊசி போட்டு, தர்மபுரிக்கு அனுப்பினார். அவர் பிழைப்பாரா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சில வாரம் கழித்து, பாதி உடம்பாக இளைத்து வந்து நின்றார்.

"அன்னிக்கு மருந்து குடுத்திருந்தா வூட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன், எந்திரிச்சிருக்க மாட்டேன். ஆனா அந்த ஏப்பம் மட்டும் இன்னும் வரலீங்க."

உப்புத் தண்ணி

செலின் கைக்குழந்தையோடு வந்து, பேதியை நிறுத்தும் மாத்திரை கேட்டாள். "பெரியவங்களுக்குக் குடுக்கறதுல பாதி போதுங்க." குழந்தையின் கண் குழி விழுந்திருந்தது. அழுதது, கண்ணீர் வரவில்லை. அந்த மாத்திரை கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரி டாக்டர் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தைக் கரைத்து, ஸ்பூனால் கொடுக்கச் சொன்னேன். குழந்தை உடனே வாந்தி எடுத்தது.

"உப்புத் தண்ணி குடுக்கவா பஸ் ஏறி வந்தேன்?" என்று செலின் எழுந்துவிட்டாள். கெஞ்சி உட்கார வைத்தேன். கொஞ்சம் பொறுத்து, மறுபடி சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள். குழந்தை துவண்டு கிடந்தது. டாக்டரின் ஜீப் திரும்பிய நேரத்தில் குழந்தை ஒன்றுக்குப் போய் அவள் மடியை நனைத்தது. உடம்பில் தண்ணீர் சேர்கிறது. செலின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்தச் சேலையை இன்னிக்கு நான் அலசப் போறதில்லைங்க."

முகூர்த்த நேரம்

ஒரு கல்யாணக் காலையில் மாப்பிள்ளையின் அண்ணன் ஓடிவந்தார். முதல்நாள் விருந்து ஒத்துக்கொள்ளாமல் மாப்பிள்ளைக்குப் பேதி, தாலி கட்டும்வரை தாங்க வேண்டும். காய்ச்சலோ, பேதியில் ரத்தமோ இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு மாத்திரை கொடுத்தேன். "பொண்ணு வூட்டுக்குத் தெரிய வேண்டாங்க. பந்தியைக் குறை சொல்றோம்னு சண்டையாயிடும்" என்றார்.

அவர் தெருமுனை தாண்டுவதற்குள் பெண்ணின் அப்பா வந்தார். பெண்ணுக்கும் அதே கோளாறு. மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு தெருவை எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. "அது மாப்பிள்ளையோட அண்ணன்தானே? என்னங்க வாங்குனாரு?" தலைவலி மாத்திரை என்று ஒரு பொய் சொன்னேன்.

"அவரு வந்து கேட்டா, எனக்கும் தலைவலின்னே சொல்லிடுங்க."

ஊராரின் வயிறு சரியாவதற்குள் மருந்து எடுத்துக் கொடுக்கிறவனுக்கு வயிறு கலங்கிவிடும் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது.