மயூராக்ஷியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம்

காலை 8.40. கல்கத்தா பாலிகஞ்சில் டாக்ஸி ஏறியதிலிருந்து அத்திம்பேர் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே வந்தார். உள்ளே ஒரு மயூராக்ஷி கைக்கடிகாரம். தினமும் சாவி கொடுக்க வேண்டிய ரகம்.

என் அக்காவை மணந்த காலத்தில் அவர் மயூராக்ஷி கம்பெனியில் சோதனை ஆள். ஒவ்வொரு கடிகாரத்தையும் ஒரு நாள் முழுக்கக் கையில் கட்டிப் பார்த்த பிறகே கடைக்கு அனுப்புவார்கள். "தாலி கட்டறச்சேகூட மூணு வாட்ச்!" என்று அக்கா இன்னும் கேலி செய்கிறாள். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு காலை வேலைக்குப் போனால் கம்பெனி கேட்டில் பூட்டு. அன்று சோதனைக்குக் கையில் கட்டியிருந்த கடிகாரம் அவரிடமே தங்கிவிட்டது. தன்னுடையது என்று அதை அவர் ஒரு நாளும் கட்டிக்கொண்டதில்லை. இப்போது பழைய முதலாளியின் பேத்தி ஹவுராவில் அதே பெயரில் மறுபடி தொடங்கியிருக்கிறாள்.

9.20. பாபுகாட்டில் படகு, ஆளுக்கு ஆறு ரூபாய். நட்டாற்றில் அத்திம்பேர் கேட்டார்: "திருடன்னு நெனச்சுட்டா என்னடா பண்றது?"

"எந்தத் திருடன் அத்திம்பேர் படகேறி வந்து திருப்பிக் குடுப்பான்?"

அவர் சிரிக்கவில்லை.

அக்கரையில் டோட்டோ என்கிற பாட்டரி ரிக்ஷாக்காரர், "அந்தக் கம்பெனி மூடி எத்தனையோ காலமாச்சே, அண்ணா" என்றார். "தொறந்தாச்சு!" என்று அத்திம்பேர் வங்காளத்தில் அதட்டினார்.

10.05. சின்னக் கூடம், நாலு மேஜை. பேத்திக்கு முப்பது வயதிருக்கும். அத்திம்பேர் கடிகாரத்தை அவள் முன் வைத்து, நடந்ததைச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டாள்.

"பாஸா, ஃபெயிலா, காகு?" காகு என்றால் சித்தப்பா. எனக்கே புரிந்தது.

அத்திம்பேர் நிமிர்ந்தார். "ஃபெயில். நாளுக்கு மூணு நிமிஷம் பின்னால போறது. முப்பது வருஷமாப் பாத்துண்டிருக்கேன்."

அவள் டிராயரிலிருந்து மூன்று புதுக் கடிகாரங்களை எடுத்து வைத்தாள். அன்பளிப்பு என்று நினைத்து அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பத்து மணிக்குத் திருப்பிக் கொண்டு வரணும், காகு."

அத்திம்பேர் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினார். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

திரும்பும் படகில் யாரும் இடித்துவிடக் கூடாதென்று கைகளை மார்போடு அணைத்தபடி நின்றார். என் செல்போன் சார்ஜ் தீர்ந்திருந்தது.

"மணி என்ன, அத்திம்பேர்?"

மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்குக் கேளு. இன்னும் பாஸ் பண்ணலை."