நீ விரலை எடுத்தால் நான் காலை எடுப்பேன்

நம்பாவிட்டால் போகட்டும். பேய் நள்ளிரவில்தான் வரும் என்பார்கள். எனக்கு நடந்ததோ பட்டப்பகலில், ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில்.

நானும் என் கணவரும் சேர்ந்து ஒரு ஜாஸ் ஆல்பம் செய்துகொண்டிருந்தோம். நான் பியானோ. அவர் வைப்ரஃபோன். வரிசையாக உலோகப் பட்டைகள். கோலால் தட்டி வாசிப்பார். காலடியில் ஒரு பெடல். அதை அழுத்தியிருக்கும்வரை ஓசை நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், கடைசி ஓசையை யார் முதலில் விடுவது என்று எங்களுக்குள் வம்புதான்.

"நீ விரலை எடுத்தாத்தான் நான் காலை எடுப்பேன்."

"எடுக்க மாட்டேன். கால் மரத்துப் போகட்டும்!"

கடைசிப் பாட்டில் அவர் பங்கை மட்டும் பதிந்திருந்தோம். மறுவாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து, அந்தப் பதிவோடு சேர்ந்து வாசிக்க நான் தனியாகப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுத் தம்பி குனிந்து எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். மூலையில் வைப்ரஃபோன், துணி போர்த்தியபடி. அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை.

ஹெட்ஃபோனை மாட்டினேன். அவருடைய முதல் தட்டு கேட்டது. நானும் சேர்ந்துகொண்டேன்.

பாதியில் கண்ணீர் மறைத்தது. விரல் தடுமாறி நின்றது.

அவரும் நின்றார்.

பதிவு எப்படி நிற்கும்...?

மெல்லத் தொட்டேன். அவரும் தொடர்ந்தார்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

டிங்...

மூலையிலிருந்து வந்தது.

திரும்பாமல் வாசித்தேன். கடைசி சுரம். பியானோ அடங்கியது. அது அடங்கவில்லை. நீண்டது... நீண்டது...

விரலை எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடுவாரே!

கதவு திறந்தது.

"சாரிக்கா, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணிடுச்சு. சாரோட ட்ராக்கை இப்பப் போடட்டுமா?"

"இன்னும்... போடலையா?"

"இல்லையேக்கா."

"தம்பி, அந்தத் துணியை எடுங்க."

எடுத்தான். வெறும் சட்டம்.

"பட்டையெல்லாம் நேத்தே கழட்டிப் பெட்டில வெச்சுட்டேன். பாத்தா அழுவீங்கன்னு..."

பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்தான்.

"பெடல் ஏன் அழுந்தியிருக்கு?"

இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

"வரமாட்டேங்குதுக்கா."

ஓசை இன்னும் என் காதில் இருந்தது. அவனுக்குக் கேட்கவில்லை.

பாவம்... கால் மரத்திருக்கும்.

விரலை எடுத்தேன்.

டக்.

பெடல் மேலே எழுந்தது.